கேத்திலின் அடிக்கரி

குசினிக்குள் கால் வைத்ததும் எனக்குக் கண் கூசியது. மேசை நடுவில் பழைய விளம்பரத்தாளை விரித்து, அதன்மேல் ஒரு செப்புக் கேத்தில் வைக்கப்பட்டிருந்தது. யன்னலால் வந்த ஏப்ரல் வெயில் வேறெங்கும் போகாமல் அதன் வயிற்றிலேயே விழுந்துகொண்டிருந்தது. கிட்டப் போய்க் குனிந்தேன். என் முகம் பலாப்பழம் மாதிரி வீங்கித் தெரிந்தது. எனக்குப் பின்னால் இன்னொரு பலாப்பழம், சிரித்துக்கொண்டு.

“எப்பிடி? புதுசு மாதிரி இருக்கே?” என்றார் அம்மா.

“இது எந்தக் கேத்தில் அம்மா?”

“நீ கொண்டந்து வைச்சதுதான். அது செம்பு எண்டே உனக்குத் தெரிஞ்சிருக்காது. எனக்கும் தெரியேல்லை. நகத்தாலை சுரண்டிப் பாத்தன், உள்ளுக்குச் சிவப்பாத் தெரிஞ்சுது. பிறகு விடுவனோ?”

நேற்று நான் கொண்டுவந்தபோது அது ஒரு கறுப்பு உருண்டை. ஒரு மூக்கும் ஒரு பிடியும் இருந்தபடியால்தான் கேத்தில் என்று சொல்ல முடிந்தது. எங்கள் பெரியம்மாவின் மகன் கிருஷாந்த் அண்ணா வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கும் கொம்பனி வைத்திருக்கிறார். கொம்பனி என்றால் ஒரு வெள்ளை வான், அவர், பிறகு ஆள் கிடைக்காத நாட்களில் நான். அதாவது எல்லா நாட்களிலும் நான். எனக்கு அந்த வேலை உயிர். ஒரு வீட்டுச் சாமானை வெளியே எடுத்து வைத்தால் அந்த வீட்டுச் சனத்தின் குணம் முழுக்கப் புல்லில் பரவிக் கிடக்கும். டெனிஷ்காரர் விளக்குகளை மடியில் வைத்துக்கொண்டு வருவார்கள், கட்டிலை எப்படியும் போட்டு உடை என்பார்கள். எங்கள் சனம் சாமிப்படங்களைக் கடைசியாக ஏற்றி முதலில் இறக்கச் சொல்லும், இடையில் ஒரு சாக்கு அரிசி எப்போதும் கணக்கில் வராமல் ஏறியிருக்கும். எதை எதால் சுற்றுகிறார்கள், எதைக் கையிலேயே வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பதில் பெட்டி தூக்குகிற உடம்பு நோவு எனக்குத் தெரிவதில்லை.

நேற்றைய குடும்பம் நான் இதுவரை பார்க்காத வகை. ஜேர்மனியில் ஒரு சின்ன ஊரிலிருந்து இங்கே டென்மார்க்கில், இக்காஸ்ட் என்ற ஊருக்கு வெளியே ஒரு பழைய தோட்டவீட்டுக்கு வருகிறார்கள். கத்தரீனா என்ற மனுசி, அவருடைய கணவர், வரிசையாகப் பிள்ளைகள். பெண்கள் எல்லோரும் கணுக்கால் வரை பாவாடை, தலையில் துணி. தொலைக்காட்சி இல்லை. கண்ணாடிப் போத்தல்களில் ஊறப்போட்ட காய்கறி மட்டும் ஒரு சுவர் உயரம். பிள்ளைகளை வீட்டில் வைத்தே படிப்பிக்க ஜேர்மனியில் விடமாட்டார்கள், இங்கே விடுவார்கள், அதற்காகத்தான் இந்த இடமாற்றம் என்று கணவர் சொன்னார். திரும்பி வரும் வழியில் வானுக்கு எண்ணெய் அடிக்க நின்றபோது அண்ணா தன் ரெலிபோனைப் பார்த்துக்கொண்டு எனக்கு வாசித்துக் காட்டினார்.

“மெனோனைட் எண்டு பேராமடி. கிறிஸ்தவ ஆக்கள்தான். ஆனா ஆயுதம் தொடமாட்டினமாம். சண்டைக்கு வா எண்டு அரசாங்கம் கூப்பிட்டா, சாமானைக் கட்டிக்கொண்டு அடுத்த நாட்டுக்குப் போயிடுவினமாம். நூற்றுக்கணக்கான வருசமா இதுதான் வேலையாம்.”

“அப்ப எங்கட ஆக்கள் மாதிரி.”

“நாடு மாறுறது மட்டும் எங்கட மாதிரி,” என்றார் அண்ணா. “மற்றதிலை நாங்கள் வேறை டிப்பார்ட்மென்ட்.”

கேத்திலைக் கத்தரீனா கடைசியாகத்தான் கொண்டுவந்தார். ஒரு பழைய பாவாடையில் சுற்றி, பின்னால் ஏற்ற வேண்டாம் என்று முன்சீற்றுக்குக் கீழே தானே வைத்தார். இக்காஸ்டில் இறக்கும்போது பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பெட்டியோடு ஓட, அந்த அமளியில் அது சீற்றுக்குக் கீழேயே இருந்துவிட்டது. என்னை வீட்டில் இறக்கும்போதுதான் அண்ணா கண்டார். வான் அடுத்த நாள் காலையில் கராஜுக்குப் போகிறது, நீ கொண்டுபோய் வை, நாளைக்குக் காரிலே கொண்டுபோய்க் கொடு என்றார். நான் அதைக் குசினியில் வைத்துவிட்டுச் சாப்பிடாமலே போய்ப் படுத்துவிட்டேன். சுற்றியிருந்த பாவாடையை அம்மா அவிழ்த்துத் தோய்த்தும் விட்டார் போல. அது இப்போது ஹீற்றருக்கு மேல் காய்ந்துகொண்டிருந்தது.

அம்மா இன்னும் கேத்திலைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருக்கும்போதுதான் அண்ணாவின் ரெலிபோன் வந்தது.

“சுஜி, அந்தக் கேத்தில் உன்னட்டைப் பத்திரமாத்தானே இருக்கு?”

“ஓம்.”

“அந்த மனுசி இப்பதான் ரெலிபோன் எடுத்தவ. கோவப்படேல்லை, ஆறுதலாத்தான் கதைச்சவ. ஒண்டே ஒண்டு கேட்டவ. தயவுசெய்து அடியைக் கழுவவேண்டாமாம்.”

நான் கேத்திலைப் பார்த்தேன். அது என்னைத் திருப்பிப் பார்த்தது.

“ஏனாம்?”

“அவவின்ர பூட்டி காலத்துச் சாமானாம். உக்ரைன் பக்கம் எங்கையோ இருந்தவை. ரெண்டாம் உலக யுத்தத்திலை ரஷ்யாக்காரர் எல்லாரையும் றெயில்லை ஏத்திக் கசக்ஸ்தானுக்கு அனுப்பினவங்களாம். ஏறு எண்டு சொல்லேக்கை அந்தப் பூட்டி அடுப்பிலை கொதிச்சுக்கொண்டிருந்த கேத்திலை அப்பிடியே தூக்கிக்கொண்டு போனவவாம். அடியிலை இருக்கிறது அந்த வீட்டு அடுப்புக் கரியாம். அதுக்கு மேலை கசக்ஸ்தான் கரி. உள்ளைதான் கழுவுவினமாம், வெளியிலை இண்டைக்கு வரைக்கும் ஒருத்தரும் கை வைக்கேல்லையாம். வேறை ஒண்டும் அந்த வீட்டிலை இருந்து மிஞ்சேல்லை, படம்கூட இல்லை எண்டவ.” அண்ணாவுக்கு அம்மாவைத் தெரியும். “சுஜி. சின்னம்மா அதிலை கை வைக்கேல்லைத்தானே?”

“நான் பிறகு எடுக்கிறன்,” என்றேன்.

“சுஜி—”

வைத்துவிட்டேன். அம்மா கேட்டார், “கிருஷாந்தோ? கேத்திலை உடனை கொண்டுவரட்டாமோ? நானும் வாறன். மினுக்கின கையாலைதான் குடுக்கவேணும்.”

அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். ஆனால் அம்மாவின் கைகளைப் பார்த்தேன். நகக்கண்ணுக்குள் எல்லாம் கறுப்பு. வயோதிபர் இல்லத்தில் வேலை செய்கிறவர், ஒரு நாளைக்கு எத்தனையோ தரம் கிருமிநாசினி போட்டுக் கழுவி வெளிறிப்போன கைகள். அதில் இவ்வளவு கறுப்பை நான் கண்டதில்லை. கத்தரீனாவிடம் தனியாகச் சொல்லிச் சமாளிக்கலாம், இரண்டு பேருக்கும் ஒரே பாஷை இல்லை, நடுவில் நிற்பது நான்தானே என்று நினைத்தேன்.

புறப்படுகிற நேரத்தில் அம்மா மூடியைத் திறந்து உள்ளே நாலைந்து பயத்தம் உருண்டைகளைப் போட்டார்.

“கேத்திலுக்குள்ளையோ அம்மா?”

“பின்னை? ஆற்றையும் பாத்திரத்தை வெறுமையாத் திருப்பிக் குடுக்கிறதோ? உங்களுக்கு ஒரு முறையும் தெரியாது.”

வழி முழுக்கக் கேத்தில் அம்மாவின் மடியில். இரு பக்கமும் வயல், அங்கங்கே காற்றாலைகள். அம்மா கதை நிற்கவில்லை. பழப்புளியைக் கரைத்துத் தடவி ஊறவிட்டதாம். புளிக்கு மேற்பக்கம் விட்டுக்கொடுத்ததாம், அடி மட்டும் அசையவில்லையாம். பிறகு எங்கள் விறகு ஹீற்றருக்குள் இருந்த சாம்பலை அரித்து எடுத்து, உப்பும் போட்டு, அலுமாரிக்குள் இருந்த தேங்காய்த் தும்பால் தேய்த்ததாம்.

“எத்தினை பட்டை தெரியுமே? ஒரு பட்டை போக உள்ளுக்கை இன்னொரு பட்டை. மேலை இருந்தது பொருபொருவெண்டு வந்திட்டுது. உள்ளுக்கை இருந்ததுதான் கல்லு மாதிரி. அதை விடுறதோ எண்டு தோள் கழரக் கழரத் தேய்ச்சன். கடைசியா அதுவும் வந்திட்டுது.”

நான் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “ஏனம்மா அவ்வளவு கஷ்டப்பட்டனீங்கள், அப்பிடியே குடுத்திருக்கலாமே,” என்றேன்.

“இரவல் சாமானைக் கரியோட குடுக்கிறதோ? எங்கட ஊரிலை கலியாணச் சமையலுக்குக் கிடாரம் இரவல் வாங்கினா, திருப்பிக் குடுக்கேக்கை வீட்டுக்காரி முதல் என்ன செய்வா தெரியுமே? உள்ளுக்குப் பாக்கமாட்டா. கவிட்டுப் போட்டு அடியைத்தான் பாப்பா. அதிலைதான் ஒரு பொம்பிளையைப் பற்றி முடிவெடுக்கிறது.” அம்மா கேத்திலின் அடியைக் கையால் ஒருமுறை தடவினார். “இதிலை ஒரு பொட்டுக் கரி காட்டட்டும் பாப்பம்.”

தோட்டவீட்டு முற்றத்தில் இன்னும் திறக்காத பெட்டிகள். கயிற்றில் பாவாடைகள் பெரிதிலிருந்து சின்னதாக வரிசையில் காய்ந்துகொண்டிருந்தன. கத்தரீனா கைகளில் மாவோடு வெளியே வந்தார். முகம் மலர்ந்து வந்தது. அம்மா இரண்டு கையாலும் கேத்திலை நீட்டினார். கத்தரீனா அதைப் பார்த்தார், பிறகு அதற்குப் பின்னால் இன்னொன்று இருக்கவேண்டும் என்பதுபோல என் கைகளைப் பார்த்தார். என் கைகளில் தோய்த்து மடித்த பாவாடை மட்டும். அப்போதுதான் அவருடைய பெருவிரல் பிடிக்குப் பக்கத்தில் இருந்த ஒரு நெளிவைப் போய்த் தொட்டது. அந்த நெளிவு அவருக்குத் தெரிந்த நெளிவாக இருக்கவேண்டும். விரல் அங்கேயே நின்றது.

பிறகு கத்தரீனா, அம்மா வழியில் சொன்னதையே செய்தார். கேத்திலைக் கவிழ்த்து அடியைப் பார்த்தார்.

மூடி கழன்று விழுந்தது. பயத்தம் உருண்டைகள் புல்லில் உருண்டோடின. பிள்ளைகள் அதற்கென்றே காத்திருந்தவர்கள் போலக் கத்திக்கொண்டு பின்னால் ஓடினார்கள். ஒரு பொடியன் ஒன்றை வாய்க்குள் போட்டுவிட்டுக் கண்ணை விரித்தான். அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். “ஃபீன், இக்கெ?” என்று தன் டெனிஷில் கேட்டார். நல்லாயிருக்கு, என்ன? கத்தரீனா நிமிரவில்லை. அந்தச் செம்பு வட்டத்தில் அவருடைய முகம் தெரிந்துகொண்டிருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருந்தது தன் முகத்தை அல்ல.

நான் பள்ளிக்கூடத்தில் படித்த ஜேர்மனில் அவசரமாக, அம்மாவுக்குத் தெரியாது, ரெலிபோன் வருவதற்கு முன்னமே கழுவிவிட்டார், உதவி என்று நினைத்துத்தான் செய்தார், மன்னியுங்கள் என்றேன். வினைச்சொல் எல்லாம் பிழையான இடத்தில் போய் விழுந்தது. கத்தரீனா தலையாட்டினார். மெதுவாக, எனக்கு விளங்கவேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாகப் பேசினார். இது வெறும் கரிதானே. பொருளில் மனதை வைக்கக்கூடாது என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். கரிக்காக அழுவது பாவம் என்று என் தாய் சொல்வார். சொல்லிவிட்டு அவரும் கழுவமாட்டார். அதைச் சொல்லும்போது சிரித்தார். சிரித்து முடிந்த பிறகும் பெருவிரல் அடியில் எதையோ தேடிப் போய்ப் போய் வழுக்கிக்கொண்டிருந்தது.

“என்னவாம்?” என்றார் அம்மா.

“நல்லா மினுங்குதாம். நன்றியாம்.”

“பொய் சொல்லாதை. நன்றி சொல்லுற முகமே இது? நான் நாள் முழுக்க முகம் பாத்து வேலை செய்யிறவள்.” அம்மாவின் சிரிப்பு போய்விட்டது. “என்ன பிழை விட்டனான்? சொல்லு.”

சொன்னேன். றெயில், கசக்ஸ்தான், கல்லு மாதிரி இருந்த அந்த உள்பட்டை எந்த வீட்டு அடுப்பு என்பது. அம்மா கேட்டுக்கொண்டு நின்றார். கையை ஜக்கெற் பைக்குள் விட்டுக்கொண்டார், நகம் தெரியாமல்.

“உனக்கு எப்ப தெரியும்?”

“காலமை. அண்ணா எடுத்தவர்.”

“அப்ப வழி நெடுக நான் புளியைப் பற்றிக் கதைக்கேக்கை நீ எல்லாத்தையும் தெரிஞ்சுகொண்டு இருந்தனி.”

“உங்களுக்குக் கவலையா இருக்குமெண்டு...”

“எனக்குக் கவலை வராமல் அவவுக்கு வரட்டுமெண்டு நினைச்சனியோ? இந்த வாசல்லை நிண்டு பல்லைக் காட்டிக்கொண்டு நல்லாயிருக்கோ எண்டு கேட்டனான்.” அம்மாவின் குரல் உயரவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

பிறகு அம்மா கத்தரீனாவுக்கு நேரே திரும்பி, “உன்ஸ்கூல்,” என்றார். கத்தரீனா டென்மார்க்குக்கு வந்து ஒரு நாள்தான். ஆனாலும் மன்னிப்புச் சொல்கிற சொல் எந்தப் பாஷையிலும் முகத்தில் எழுதியிருக்கும் போல. அவர் அம்மாவின் முழங்கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். பெட்டிகளின் மேல் பலகை போட்டுக் கோப்பி வைத்தார்கள், பக்கத்தில் அடுப்பில் சுட்டெடுத்த பாண். ஒன்றின் தலையில் ஒன்று ஏறி உட்கார்ந்த மாதிரி இரட்டைப் பாண். அம்மா உட்காரவில்லை. கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே, யன்னல் விளிம்பில் கத்தரீனா வைத்த கேத்திலைப் பார்த்தார். கணவர் மூத்த பொடியனோடு அலுமாரி ஒன்றின் பலகைகளைப் பொருத்திக்கொண்டிருந்தார். கேத்திலைக் கண்டு சுத்தியலைக் கீழே வைத்தார். மனைவி ஏதோ தங்கள் வீட்டுப் பாஷையில் சொன்னார், ஜேர்மனும் இல்லாத ஒன்று. அவர் எங்களைப் பார்த்துத் தலையை அசைத்துவிட்டு மறுபடியும் சுத்தியலை எடுத்தார். முன்னைவிட மெதுவாகத் தட்டினார். யாரும் கோபப்படவில்லை. ஒருவர் கத்தியிருந்தால்கூட நாங்கள் புறப்பட்டுப் போயிருக்கலாம்.

“சிங்குக்குள்ளை ஊத்தேல்லை எண்டு சொல்லு,” என்றார் அம்மா திடீரென்று.

“என்னம்மா?”

“கழுவின தண்ணியை. சாம்பலும் கரியுமா இருந்தது, சிங் அடைச்சுப்போடும் எண்டு வெளியிலை கொண்டுபோய் ஊத்தினனான். பின்பக்கம், றோசாச்செடிக்கு. அதைச் சொல்லு.”

இது என்ன ஆறுதல் என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் இந்த முறை ஒரு சொல்லும் விடாமல், கூட்டாமல் சொன்னேன். கத்தரீனாவின் கோப்பை பாதி வழியில் நின்றது.

“எங்கே?” என்றார். “காட்டுவீர்களா?”

அவர் கேத்திலை அந்த யன்னல் விளிம்பிலேயே விட்டுவிட்டு ஏப்ரனைக் கழற்றினார். ஆறு வயதுச் சின்னமகள் கேட்காமலே வந்து காரில் ஏறிக்கொண்டாள், கையில் பாதி பயத்தம் உருண்டை. வழி முழுக்கச் சின்னவள் உருண்டையை எறும்பு மாதிரிச் சுரண்டிச் சுரண்டித் தின்றாள். அம்மா பின்சீற்றில் கத்தரீனாவுக்குப் பக்கத்தில் இருந்தார். கண்ணாடியில் இரண்டு பேரின் கைகளும் தெரிந்தன. ஒன்றில் மாவு, ஒன்றில் கரி.

எங்களுடையது வரிசை வீடு. பின்பக்கம் ஒரு கட்டில் அகலத்துக்கு நிலம். இந்த ஊர் மண் வெறும் மணல், ஒன்றும் பிடிக்காது என்று அம்மா வருசாவருசம் பையில் அடைத்த மண் வாங்கிக் கொட்டி, அதில் ஒரேயொரு றோசாவை வளர்த்து வைத்திருக்கிறார். இருபது கடை ஏறி இறங்கினாலும் கிடைக்காத நிறம் என்று வருகிற எல்லோரிடமும் சொல்வார். வெட்டிவிட்ட கொப்புகளில் இப்போதுதான் சிவப்பாகத் துளிர் வந்திருந்தது. கத்தரீனா வேலியடியில் நின்றார். நானும் பார்த்தேன். வாங்கிக் கொட்டிய மண் முழுக்கக் கறுப்பு. எது மண், எது கரி என்று யாராலும் சொல்ல முடியாது.

கத்தரீனா மண்ணில் முழங்காலை ஊன்றி உட்கார்ந்தார். நீளப் பாவாடை சேற்றில் பட்டதைக் கவனிக்கவில்லை. தோண்டவில்லை, ஒன்றையும் எடுக்கவில்லை. உள்ளங்கையை விரித்து மண்ணில் வைத்தார். சுரம் இருக்கிறதா என்று பிள்ளையின் நெற்றியில் வைக்கிற மாதிரி. சின்னவளும் குந்தியிருந்து தாயின் கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்தாள். எதற்கென்று அவளுக்குத் தெரிந்திருக்காது.

அம்மா உள்ளே போய் மண்வெட்டியும் ஐஸ்கிறீம் வாளி ஒன்றும் கொண்டுவந்தார்.

“கேள், கிண்டட்டோ எண்டு. வேரோட கிண்டுறன் எண்டு சொல்லு. றோசா போனாப் போகட்டும்.”

சொன்னேன். கத்தரீனா அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு றோசாவை. மண்ணிலிருந்து கையை எடுக்கவில்லை. மழை தூறத் தொடங்கியது, இந்த ஊரில் வழக்கமாகத் தூறுகிற மாதிரிச் சத்தமில்லாமல்.

“நனைஞ்சா இன்னும் கீழை இறங்கிப்போடும்,” என்றார் அம்மா, யாருக்கென்றில்லாமல். வாளியை என்னிடம் தந்துவிட்டுச் செருப்புக் காலால் மண்ணில் ஒரு கோடு போட ஆரம்பித்தார். “இதிலை நிண்டுதான் ஊத்தினனான். இஞ்சையிருந்து... இந்தப் பக்கமும் கொஞ்சம் சிந்தினது.” றோசாவைச் சுற்றிக் கோடு வட்டமாக வந்து சேர்ந்தது. அம்மா நின்று பார்த்தார். யோசித்தார். ஒரு அடி வெளியே போய்க் கோட்டை மறுபடியும் போட்டார், இன்னும் அகலமாக. அதுவும் போதாது என்று தோன்றியிருக்கவேண்டும். முந்தின கோட்டைக் காலால் அழித்துவிட்டு, வேலி வரைக்கும் போய், தலையில் மழை விழ விழ, கத்தரீனாவையும் சின்னவளையும் உள்ளே வைத்து அடுத்த கோட்டைப் போட்டுக்கொண்டிருந்தார்.